ஆகாயப் படையும் தென்காசி வாலிபனும்

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையே மூன்று மைல்தான். சாரல் காலத்தில் அந்த மூன்று மைலையும் வண்டி ஏறாமல் நடந்தே கடப்பது நமது வழக்கம். பின்புறம் காசி விசுவநாதர் கோவில் கோபுரம்; எதிரே திரிகூட மலை; அதன் தலைமேல் மேற்கிலிருந்து வந்து கவிந்து கவிந்து கலையும் மேகக் கூட்டம். செங்கோட்டைக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் காற்று ஆனி ஆடியில் எவ்வளவு வேகமுடையது என்பதைத் தென்காசிக் கோபுர வாசலில் ஒரு முறை நின்றவர்கள் அறிவார்கள். நிற்பவனைத் தள்ளி நகர்த்திவிடும் காற்று அது.

இம்முறை வழியில் நம்மோடு ஒரு வாலிபன் சேர்ந்து நடந்தான். கல்லூரிப் படிப்பை முடித்தவன். சிற்றாற்றுப் பாசனத்தில் கொஞ்சம் நஞ்சை உடைய குடும்பம். காற்றையும் மேகத்தையும் அவன் பார்த்த பார்வை, அருவியில் குளிக்க வந்தவன் பார்வையாக இல்லை. மேகத்தின் அடிவயிறு எவ்வளவு உயரத்தில் இருக்கும், மலையைத் தாண்டி வரும் காற்று கீழே எப்படிச் சுழலும் என்றெல்லாம் பேசிக்கொண்டே வந்தவன், திடீரென்று, “அண்ணாச்சி, ஒன்று கேட்க வேண்டும். பட்டாளத்தில் ஒரு நாளும் வேலை பார்த்திராத ஒருவன், சாதாரண காலத்தில் தன் தொழிலைப் பார்த்துக்கொண்டு, தேசத்துக்கு ஆபத்து வந்தால் மாத்திரம் விமானம் ஓட்டுகிற ரிசர்வ் விமானியாக ஆக முடியுமா?” என்று கேட்டான்.

நாம் உடனே விடை சொல்லவில்லை. ‘முடியும்’ என்றால் அது இன்று பொய். ‘முடியாது’ என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், நம் தேசத்திலேயே நடந்த ஒரு பெரிய காரியத்தை அவனிடமிருந்து மறைத்தவர்களாவோம். ஆகவே நேயர்களுக்கும் அந்த வரலாற்றைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம்.

உழுகிற காலத்தில் உழுது, முரசு கேட்டால் வேலெடுத்து நிற்பது திருநெல்வேலிச் சீமைக்குப் புதிதல்ல. பாளையங்களின் சேனை பெரும்பாலும் அப்படிப்பட்டதுதான். இன்று தென்காசி ஜில்லாவில் அடங்கிய நெற்கட்டும்செவலில் இருந்து பூலித்தேவர் ஆங்கிலேயரை எதிர்த்தபோது அவருடன் நின்றவர்கள் சம்பளப் பட்டாளத்தார் மட்டும் அல்லர். 1801-ம் வருஷத்தில் பாளையக்காரர் யுத்தம் முடிந்ததும் கம்பெனி சர்க்கார் செய்த முதற் காரியங்களுள் ஒன்று, ஜனங்களின் கையிலிருந்து ஆயுதத்தைப் பிடுங்கியது. 1878-ம் வருஷத்து ஆயுதச் சட்டம் எஞ்சியதையும் பறித்தது. ஒரு ஜாதியாரைப் படைக்கு உகந்தவர்கள் என்றும், மற்றொரு ஜாதியாரை உகந்தவர்கள் அல்லர் என்றும் பிரித்து வைத்த பெருமையும் அவர்களுடையதே. தேசத்தைக் காப்பது கூலிக்கு அமர்ந்த சிலருடைய தொழில், மற்றவர்கள் வரி கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கலாம் என்ற எண்ணம் அப்போது ஊன்றப்பட்டது. அந்த வேர் இன்னும் முழுவதும் அறுபடவில்லை என்பது நமது அபிப்பிராயம்.

இந்திய ஆகாயப் படை சட்டபூர்வமாக ஏற்பட்டது 1932-ம் வருஷம் அக்டோபர் 8-ந் தேதி. மறு வருஷம் ஏப்ரலில் கராச்சியில் முதல் ஸ்க்வாட்ரன் தொடங்கியபோது அதற்கிருந்தவை நான்கு வாபிட்டி விமானங்கள். நம்மவர்களில் விமானிகள் ஐவர். சுப்ரதோ முகர்ஜி அவர்களில் ஒருவர். ஏழு வருஷங்கள் கழித்து, 1939-ல் இரண்டாவது மகா யுத்தம் மூண்டபோதும் படையில் 16 உத்தியோகஸ்தர்களும் 144 வீரர்களும்தான் இருந்தார்கள். முப்பது கோடிக்கு மேற்பட்ட ஜனங்கள் உள்ள தேசத்துக்கு இதுதான் ஆகாயப் படை! இந்தியர்கள் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்வதை வெள்ளைக்கார சர்க்கார் எவ்வளவு ஆவலோடு வரவேற்றது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

யுத்தம் தலைக்குமேல் வந்தபின் அவர்கள் என்ன செய்தார்கள்? ஆகாயப் படையின் வாலண்டியர் ரிசர்வ் என்ற ஒன்றை ஏற்படுத்தினார்கள். பட்டாள வாசனையே அறியாத, ஆனால் விமானம் ஓட்டத் தெரிந்த சாதாரணப் பிரஜைகளை அதில் சேர்த்தார்கள். சென்னை, பம்பாய், கல்கத்தா, கராச்சி, கொச்சி, விசாகப்பட்டினம் ஆகிய துறைமுகங்களில் கடற்கரைப் பாதுகாப்பு விமானப் பிரிவுகள் அமைந்தன. அவற்றுக்குக் கொடுக்கப்பட்டவை பெரும்பாலும் பழைய வாபிட்டிகள். அந்த விமானங்களில் ஏறிக் கடலின்மேல் ரோந்து சுற்றியவர்களில் பலர், சில மாதங்களுக்கு முன்வரை பொழுதுபோக்காகப் பறந்தவர்கள். அல்லது தபால் விமானமும் பிரயாணி விமானமும் ஓட்டிப் பிழைத்தவர்கள்.

இத்தனை பேர் எங்கிருந்து கிடைத்தார்கள் என்று கேட்கலாம். விமான கிளப்புகளிலிருந்து கிடைத்தார்கள். 1920-களின் கடைசியிலும் 1930-ஐ ஒட்டியும் டில்லி, பம்பாய், கராச்சி, சென்னை ஆகிய நகரங்களில் கிளப்புகள் தோன்றின. 1929 பிப்ரவரியில் ஜே. ஆர். டி. டாட்டா பம்பாய் கிளப்பில் லைசென்ஸ் பெற்றார். 1932 அக்டோபர் 15-ல் கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அவர் ஓட்டி வந்த தபால் விமானம், வேறொரு விமானியின் கையில் சென்னை வரை வந்து சேர்ந்தது. மெலிந்த இரட்டைச் சிறகு மாத் விமானத்தில் ஆசிரியர் ஒரு ஆசனத்திலும் மாணவன் மற்றோர் ஆசனத்திலும் உட்கார்ந்து பழகி, ஒரு நாள் ஆசிரியர் இறங்கிக்கொண்டு, ‘இனி நீயே போய் வா’ என்று அனுப்புவார். அவ்வளவில் ஒருவன் விமானியாவான். அந்தத் தனிப்பறத்தலுக்குப் பட்டாளமும் வேண்டாம், ராஜ விசுவாசப் பிரமாணமும் வேண்டாம். வேண்டியது பணம் ஒன்றே! ஜமீன்தாரர் பிள்ளைகளும், பெரிய வியாபாரிகளின் பிள்ளைகளும், உயர்ந்த உத்தியோகஸ்தர்களின் பிள்ளைகளும் கற்றார்கள். தென்காசியிலோ செங்கோட்டையிலோ இருந்த ஒரு நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைக்கு மீனம்பாக்கம் எட்டாத தூரம்.

அவ்வாறு கற்றவர்களில் மொகீந்தர் சிங் பூஜி என்பவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிம்லாவில் பிறந்த சீக்கியர். டில்லி கிளப்பில் ஆசைக்காகப் பறக்கக் கற்று 1937-ல் லைசென்ஸ் பெற்றவர். பிறகு எண்ணெய்க் கம்பெனி ஒன்றில் உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்தார். 1940-ல் லைசென்ஸ் உள்ள இந்தியர்கள் தேவை என்ற அழைப்பு வந்தபோது வாலண்டியர் ரிசர்வில் சேர்ந்து, இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட 24 பேரில் ஒருவரானார். அங்கே சில மாதப் பழக்கத்துக்குப் பின் ஹரிக்கேன் சண்டை விமானம் ஓட்டினார். தலைப்பாகையைக் கழற்ற மறுத்து, அதனோடேயே பறந்தார். பிறகு பர்மா யுத்தகளத்திலும் பறந்து, வீரப் பதக்கம் பெற்று, 2010-ல் தமது 92-ம் வயதில் இங்கிலாந்தில் காலமானார். அந்த இருபத்து நால்வரில் திரும்பி வராதவர்களும் உண்டு. அவர்களும் ஆசைக்காகப் பறக்கத் தொடங்கியவர்கள்தாம்.

இந்த இடத்தில் தேசபக்தர்கள் புருவம் நெரிப்பார்கள், நெரிப்பது நியாயமே. 1939 செப்டம்பரில் நமது ஜனங்களை ஒரு வார்த்தை கேளாமல் வைஸ்ராய் இந்தியாவை யுத்தத்தில் இழுத்துவிட்டார். அதை ஆட்சேபித்து ராஜாஜி மந்திரிசபை உள்பட காங்கிரஸ் மந்திரிசபைகள் எல்லாம் ராஜினாமாச் செய்தன. பூஜி முதலியோர் இங்கிலாந்துக்குப் போன அதே 1940-ல், இங்கே யுத்தத்துக்கு விரோதமாகப் பேசிய குற்றத்துக்காகத் தனிநபர் சத்தியாக்கிரகிகள் சிறைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அடிமைப்படுத்தியவனுடைய வானத்தைக் காக்கப் போனவர்களை நாம் போற்றலாமா?

நமது எண்ணத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். அவர்களுடைய அரசியல் நமக்குச் சம்மதமல்ல. ஆனால் அவர்கள் கற்று வந்த வித்தை பிற்பாடு யாருக்குப் பயன்பட்டது என்பதையும் மறக்கலாகாது. யுத்த முடிவில் ஒன்பது ஸ்க்வாட்ரன்களாகப் பெருகியிருந்த அந்தப் படைதான் தேசப் பிரிவினைக்குப்பின் சுதந்தர இந்தியாவுக்குக் கிடைத்த ஆகாயப் படையின் மூலதனம். சிறையிலிருந்தவர்கள் சுதந்தரத்தைப் பெற்றுத் தந்தார்கள். விமானத்திலிருந்தவர்கள் அதைக் காக்கும் கருவியைப் பழகி வைத்திருந்தார்கள். இரண்டும் ஒரே தராசில் வைக்கத்தக்கவை என்று நாம் சொல்லவில்லை.

மற்றொரு பக்கம் பாருங்கள். தென்காசியிலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும் பல குடும்பங்கள் சிங்கப்பூருக்குச் சென்று குடியேறியிருந்தன என்பதை இந்த ஜில்லாவில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சிங்கப்பூரில் 1943 ஜூலையில் நேதாஜி வந்து ஆஸாத் ஹிந்த் இயக்கத்தின் தலைமையை ஏற்றார். சைனியம் இருந்தது, விமானப் படை இல்லை. நேற்று வரை பள்ளிக்கூடத்திலும் கடையிலும் இருந்த பிள்ளைகளைக் கொண்டு நாளைய விமானப் படைக்கு வித்திட அவர் துணிந்தார். மலேயா, பர்மா முதலிய இடங்களிலிருந்து பொறுக்கி எடுத்த 45 வாலிபர்களை 1944-ல் ஜப்பானுக்கு அனுப்பினார். சிலர் தரைப்படைக் கல்லூரியிலும் சிலர் விமானப் படைக் கல்லூரியிலும் சேர்ந்தார்கள். ‘டோக்கியோ பையன்கள்’ என்று சரித்திரம் அழைப்பது அவர்களையே. பயிற்சி முடிந்து அவர்கள் யுத்தத்தில் பறப்பதற்கு முன்னமே 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது.

அவர்களில் ரங்கூனில் பிறந்த ரமேஷ் பெனகல் ஒருவர். இந்தியாவுக்குத் திரும்பி வந்தபின் ஆகாயப் படையில் சேர்ந்தார். 1971-ம் வருஷத்து யுத்தத்தில் கான்பெரா விமானத்தில் சத்துரு தேசத்தின்மேல் பறந்து படமெடுத்து வந்த சேவைக்காக மகாவீர சக்கரம் பெற்றார். ஆங்கிலேயருடைய ரிசர்வில் பறந்தவர்கள் கட்டிய படையில், ஆங்கிலேயரை விரட்டுவதற்காகப் பறக்கக் கற்கப் போனவரும் கடைசியில் வந்து சேர்ந்தார். இரு திறத்தாரும் தொடக்கத்தில் பட்டாள அனுபவம் சிறிதும் இல்லாதவர்கள் என்பதைத்தான் அந்த வாலிபனுக்கு நாம் சொல்ல விரும்பினோம்.

சுதந்தரம் வந்து மூன்று மாதங்கூட ஆகாத நிலையில் மூன்றாவது சாட்சி கிடைத்தது. 1947 அக்டோபர் 27-ந் தேதி காச்மீரத்தைக் காக்க டில்லியிலிருந்து சீநகருக்குத் துருப்புகளை ஏற்றிச் சென்றவை படையின் விமானங்கள் மட்டுமல்ல. பிரயாணிகளை ஏற்றிவந்த கம்பெனிகளின் டக்கோட்டா விமானங்களும் கூடவே சென்றன. அவற்றை ஓட்டியவர்கள் சிவில் விமானிகள். சீநகரில் எதிரி இறங்குதுறையைப் பிடித்துவிட்டானா இல்லையா என்றுகூட நிச்சயம் தெரியாத காலை அது. யூனிபாரம் இல்லை, யுத்தப் பயிற்சி இல்லை. போனார்கள், இறக்கினார்கள், திரும்பி வந்து மறுபடியும் ஏற்றிக்கொண்டு போனார்கள். அன்று சீநகர் பிழைத்ததில் அவர்களுக்குரிய பங்கை நம்மவர்கள் போதிய அளவு கொண்டாடவில்லை.

இவற்றையெல்லாம் கண்டபின் சுதந்தர சர்க்கார் சும்மா இருக்கவில்லை. தொழில் பார்த்துக்கொண்டே படைப்பயிற்சி பெறும் பிரஜைகளுக்கென டெரிடோரியல் சைனியம் ஏற்பட்டது. 1949 அக்டோபர் 9-ந் தேதி அதைத் தொடங்கி வைத்தவர் கவர்னர் ஜெனரலாக இருந்த நமது ராஜாஜியே. ஆகாயத்துக்கோ 1952-ல் பார்லிமெண்டு ஒரு தனிச் சட்டம் செய்தது. படையிலிருந்து விலகியவர்களுக்கு ஒரு ரிசர்வ். விமானமோட்டுதல் முதலிய வித்தை தெரிந்த சிவில் பிரஜைகளைப் பதிவு செய்துகொள்ள ஒரு பாதுகாப்பு ரிசர்வ். இவையன்றித் துணை ஆகாயப் படை என்று ஒன்று. அதன்படி டில்லி, பம்பாய், சென்னை முதலிய இடங்களைச் சார்ந்து துணை ஸ்க்வாட்ரன்கள் அமைந்தன. ஹார்வர்டு பயிற்சி விமானங்களில், தங்கள் தொழிலுக்கு நடுவே நேரம் ஒதுக்கி வந்து பறந்தார்கள் சாதாரண மனிதர்கள். நமது வாலிபன் கேட்ட கேள்விக்கு ‘ஆம்’ என்ற விடை ஒரு காலத்தில் சென்னையிலேயே இருந்தது.

இன்று அந்தத் துணைப் படை அந்த உருவத்தில் இல்லை. தரையில், 18 வயதிலிருந்து 42 வயது வரை உள்ள, தமக்கென்று ஒரு தொழிலுடைய பட்டதாரி, முன் சேவை எதுவும் இல்லாமலே பரீட்சை எழுதி டெரிடோரியல் சைனியத்தில் உத்தியோகஸ்தராகலாம். வானத்தில் அதற்கு ஈடான வாசல் கிடையாது. ஆகாயப் படையில் பறக்க வேண்டுமானால் முழுநேரச் சேவை ஒன்றே வழி. பட்டதாரிகளுக்கு 20 வயது முதல் 24 வரை. சிவில் விமானி லைசென்ஸ் உள்ளவனுக்கு 26 வரை சலுகை. இந்த இரண்டு வருஷச் சலுகைதான், சொந்தச் செலவில் வித்தை கற்று வந்தவனுக்கு நமது சர்க்கார் செய்யும் மரியாதை! குறுகிய காலச் சேவை என்று பெயர். காலம் 14 வருஷம். விமானிக்குரிய இயல்பான தகுதியைச் சோதிக்கும் பரீட்சை ஒன்று உண்டு. அதை வாழ்நாளில் ஒரே தடவைதான் எழுதலாம். காலின் நீளம் 99 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது, உயரம் 162.5 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது என்பன போன்ற அளவுகளும் உண்டு. இவற்றை நாம் குறை கூறவில்லை. விமானத்தின் ஆசனம் யாருக்காகவும் வளைந்து கொடுக்காது. மாணவனாயிருக்கும்போதே தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் சேர்ந்து ‘சி’ சர்ட்டிபிகேட் பெற்றவனுக்குத் தனி வழி இருக்கிறது. அதுவும் முழுநேரச் சேவைக்கே கொண்டுபோய் விடும்.

அமெரிக்காவில் வேறுவிதம். அங்கே ஒவ்வொரு ராஜ்யத்திலும் உள்ள நேஷனல் கார்டு விமானப் பிரிவுகளும், ஆகாயப் படை ரிசர்வும் பட்டாளத்தையே பார்த்திராத பட்டதாரியைச் சேர்த்துக்கொள்கின்றன. அவன் தன் ஊருக்கு அருகிலுள்ள ஸ்க்வாட்ரனுக்கே மனுப்போடுகிறான். அந்த ஸ்க்வாட்ரனின் விமானிகளே அவனை நேரில் கண்டு பேசி, இவன் நம்மோடு பல வருஷம் பறக்கத் தக்கவன்தானா என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். பிறகு முழுநேரப் படையாளுக்கு உண்டான அதே பயிற்சிதான். விமானப் பயிற்சி மட்டும் சுமார் ஒரு வருஷம். அது முடிந்தபின் ஊர் திரும்பி, வார நாட்களில் பிரயாணி விமானமோ வக்கீல் தொழிலோ பார்த்து, மாதத்தில் சில நாள் படை விமானம் ஓட்டுகிறான். இதற்கு அவன் எழுதிக் கொடுப்பது 10 வருஷ ஒப்பந்தம். இங்கிலாந்தில் 1925 முதல் இருந்துவந்த துணைப் படையும் இவ்வாறே. 1940-ல் லண்டன் வானத்தைக் காத்தவர்களில் ஞாயிற்றுக்கிழமை விமானிகளாக இருந்தவர்கள் அநேகர். ஆனால் ஜெட் யுகம் வந்ததும் செலவைக் காரணம் காட்டி 1957-ல் இங்கிலாந்து அந்த ஸ்க்வாட்ரன்களைக் கலைத்துவிட்டது.

ஜெட் விமானத்தை மாதத்துக்கு நாலு நாள் தொட்டுப் பழகியவன் எப்படிச் சமாளிப்பான் என்று நம் சர்க்காரின் நிபுணர்களும் கேட்கக்கூடும். சுகோய் விமானத்தைத் தென்காசி வாலிபன் கையில் கொடுங்கள் என்று நாம் கேட்கவில்லை. சரக்கு விமானம், பயிற்சி விமானம், வெள்ளத்திலும் புயலிலும் ஜனங்களைத் தூக்கி வரும் ஹெலிகாப்டர், ஆளில்லா விமானம் இவற்றுக்கெல்லாம் முழுநேர விமானியையே கட்டிப்போட வேண்டுமா? நமது தேசத்துப் பிரயாணி விமானங்களை இன்று ஓட்டுகிறவர்களில், நாளை காச்மீரத்தைப் போல ஒன்று நேர்ந்தால் வரத் தயாராயிருக்கிறவர் யார் யார் என்ற பட்டியல் ஒன்று யுத்தத்துக்கு முன்பே தயாராக இருக்க வேண்டாமா? 1952-ம் வருஷத்துச் சட்டம் அதற்காகவே எழுதப்பட்டது. புதிதாக ஒரு வரி சட்டமும் செய்யவேண்டியதில்லை. இருப்பதை எடுத்துத் தூசி தட்டினால் போதும்.

அதற்கும் முந்திய ஒரு தடை இருக்கிறது, அது பணம். 1930-ல் இருந்த நிலைமைதான் இன்றும். சிவில் விமானி லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதற்குப் பல லட்ச ரூபாய் ஆகிறது. கயத்தாறில், கட்டபொம்மன் 1799-ல் தூக்கிலிடப்பட்ட அந்த ஊரில், யுத்த காலத்தில் ஆங்கிலேயர் தம் தேவைக்காக ஓர் ஓடுபாதை போட்டார்கள். தங்களுக்கு வேண்டும் என்றபோது பனங்காட்டு நடுவிலும் அவர்களால் ஓடுபாதை போட முடிந்தது! நம் தேவைக்கு, நம் பிள்ளைகள் குறைந்த செலவில் கற்பதற்கு, தென்பாண்டி நாட்டில் சர்க்கார் பொறுப்பில் ஒரு பயிற்சி ஸ்தாபனம் வேண்டும் என்று கேட்பது பேராசையாகாது. ‘தினமணி’யின் முதல் ஆசிரியர் டி. எஸ். சொக்கலிங்கம் பிறந்த ஊர் தென்காசி; இந்த மண்ணிலிருந்து வரும் கோரிக்கைகளுக்குக் குரல் குறைவதில்லை.

பேரருவியின் இரைச்சல் கேட்கும் தூரம் வந்துவிட்டோம். இதுவரை சொன்னதையெல்லாம் சுருக்கிச் சொல்லிவிட்டு, “தம்பிக்கு இப்போது என்ன வயது?” என்று கேட்டோம்.

“இருபத்து மூன்று, அண்ணாச்சி.”

“அப்படியானால் பட்டதாரிப் பரீட்சைக்கு இன்னும் காலம் இருக்கிறது. லைசென்ஸ் எடுத்துக்கொண்டால் 26 வரை போகலாம்” என்றோம்.

அவன் சற்று நேரம் பேசாமல் நடந்தான். பிறகு, “அப்பா அந்த நஞ்சையை விற்பதற்குச் சம்மதித்துவிட்டார்கள். பத்திரம் எழுதுவதை நான்தான் தள்ளிப் போட்டுக்கொண்டு வருகிறேன். ஊரிலேயே இருந்து வயலையும் பார்த்துக்கொண்டு, கூப்பிட்டால் போகிற வழி ஏதாவது இருக்குமோ என்றுதான் கேட்டேன்” என்றான்.